பட்டத்துக்கும் ஆய்வுக்கும் இடையே ஒரு வருடம்

(சங்கத்தின் பொன்விழாவை ஒட்டி டெங்கிலில் நடந்த கல்வி நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பொன்விழா மேடையில் பழைய நினைவுகளைப் பேசுவது வழக்கம். ஏற்பாட்டுக் குழுவினர் என்னிடம் கேட்டது வேறு. "நம் பிள்ளைகள் இப்போது பட்டம் வாங்குகிறார்கள். அதற்கு மேல் என்ன என்று சொல்லுங்கள்" என்றார்கள். நான் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். அதனால் எனக்குத் தெரிந்த உயிர்மருத்துவ அறிவியலை வைத்தே பேசுகிறேன். நோய் எப்படி வருகிறது, உடலுக்குள் என்ன நடக்கிறது, மருந்து எப்படி வேலை செய்கிறது என்று ஆராயும் துறை இது. இதில் முனைவர் பட்டம் வரை போகிற நம் பிள்ளைகள் ஏன் இத்தனை குறைவு? அதற்கு இந்தச் சங்கம் என்ன செய்யலாம்? இவை இரண்டுதான் என் பேச்சு.

முதலில் நம் வீட்டு அரிசியைப் பற்றி ஒரு பழைய செய்தி.

ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் பெருந்தொகையான மக்களைக் கொன்றது. கால் வீங்கும், நடை தளரும், கடைசியில் இதயம் நின்றுபோகும். சீனத் தொழிலாளர்கள் அதிகமாக மாண்டார்கள். நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் ஒன்றைக் கவனித்தார். தமிழ்த் தொழிலாளர்களிடம் இந்த நோய் மிகக் குறைவாக இருந்தது. இரு சாராரும் சோறுதான் உண்டார்கள். ஆனால் சீனர்கள் உண்டது நன்றாகத் தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி.

1905ஆம் ஆண்டின் இறுதியில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் இதைச் சோதித்தார். நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குப் பச்சரிசி, மறு பகுதியினருக்குப் புழுங்கலரிசி. பச்சரிசி உண்ட 120 பேரில் 43 பேருக்குப் பெரிபெரி கண்டது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவருக்கு மட்டுமே நோய் இருந்தது. அவ்விருவரும் நோயோடுதான் உள்ளே வந்தவர்கள். 1900ல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் இந்த ஆய்வை மேலே கொண்டுபோனார்கள். நோயைத் தடுக்கும் சத்து தவிட்டில் இருக்கிறது என்று காட்டினார்கள். இன்று நாம் வைட்டமின் பி1 என்று சொல்வது அதைத்தான். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை.

நம் முன்னோர் பொங்கிய சோறு உலக மருத்துவத்துக்கே ஒரு சான்றாக நின்றது. அந்த ஆய்வுக் குறிப்புகளில் தமிழர்கள் இருக்கிறார்கள். குறிப்பை எழுதியவர்களின் பெயர்களில் தமிழ்ப் பெயர் இல்லை.

இன்னொன்று, நம் வாசலிலேயே நடந்தது. இன்று புத்ராஜெயா நிற்கும் நிலம் முன்பு பெராங் பெசார் தோட்டம். அங்கே ரப்பர் ஆராய்ச்சி நிலையமும் இருந்தது. அங்கே உருவாக்கிய பால்மர வகைகளுக்குப் பெராங் பெசார் என்பதன் முதலெழுத்துகளைக் கொண்டு பிபி என்று பெயர் வைத்தார்கள். பிபி 260 என்ற வகை பல நாடுகளில் நடப்பட்டது. அந்தத் தோட்டத்தில் மரம் சீவியவர்களும் பால் எடுத்தவர்களும் தமிழர்கள். 1990களில் புத்ராஜெயா எழுந்தபோது பெராங் பெசாரிலிருந்தும் சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்தும் வெளியேறிய குடும்பங்கள் இங்கே, டெங்கில் தாமான் பெர்மாத்தாவில் குடியேறின. அவர்கள் நம் அண்டை வீட்டார். ஆராய்ச்சி நிலையத்தின் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த அந்தப் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சிக்குள் போகும் வழியை யாரும் காட்டவில்லை. இன்று நான் சொல்லப்போவது அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

"யார் ஆராய்ந்தால் என்ன, மருந்து கிடைத்தால் போதாதா?" என்று கேட்கலாம். 2019ல் எடுக்கப்பட்ட தேசிய நலவாழ்வு ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, கிட்டத்தட்ட மூவரில் ஒருவர். இந்த மண்டபத்திலேயே கையைத் தூக்கச் சொன்னால் கணக்கு புரிந்துவிடும். நம்மவருக்கு உடல் பருமன் அவ்வளவாக இல்லாதபோதே சர்க்கரை வந்துவிடுகிறது. உடல் எடைக் குறியீட்டில் 25 வரை சரி என்ற எல்லை ஐரோப்பியர்களை வைத்து வந்தது. ஆசிய மக்களுக்கு 23லேயே கவனம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது 2004ல்தான். மரபணு ஆய்வுகளிலும் இன்றுவரை கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சத்தினர். நம் வீட்டில் உள்ள நோயை நாம்தான் தினமும் பார்க்கிறோம். அதைப் பற்றிய கேள்வி நம் வீட்டிலிருந்து போகாவிட்டால், வேறொருவருக்குத் தோன்றும்வரை காத்திருக்க வேண்டும்.

சரி, தடை எங்கே இருக்கிறது? நுழைவிலேயே சில தடைகள் உண்டு. நம் ஊரிலுள்ள யுஐடிஎம் அடிப்படைக் கல்வி மையம் பூமிபுத்திரா மாணவர்களுக்கானது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்த வாசல் இல்லை. எஸ்டிபிஎம் எழுதியோ, பிடிபிடிஎன் கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்ந்தோதான் பட்டம் வாங்குகிறார்கள். இருந்தும் வாங்குகிறார்கள். உயிர்மருத்துவம், உயிர்த்தொழில்நுட்பம், நுண்ணுயிரியல் என்று நல்ல பட்டங்கள். அதற்குப் பிறகுதான் பாதை நின்றுவிடுகிறது. பட்டச் சான்றிதழ் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பிள்ளை வாப்பாவின் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான். கடை வேலை இழிவு என்று சொல்ல வரவில்லை. அந்தக் கல்லாதான் நம்மையெல்லாம் படிக்க வைத்தது. ஆனால் அங்கே உட்காரும் முன், வேறு வழி இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

அறிவில் நம் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. பட்டப்படிப்பு வேறு, ஆய்வு வேறு. தேர்வில் விடை தெரிந்த கேள்வியைக் கேட்கிறார்கள். ஆய்வில் யாருக்குமே விடை தெரியாது.

இங்கிருந்து அதிகத் தூரமில்லாத புக்கிட் பெலாண்டோக்கை நினைத்துப் பாருங்கள். 1998, 1999ஆம் ஆண்டுகளில் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் மூளைக்காய்ச்சலில் இறந்தார்கள். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டி, கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்குவது. இங்கே இறந்தவர்களோ பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் இறந்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் வைரஸ் ஆய்வில் ஈடுபட்டிருந்த மருத்துவர் சுவா கா பிங், நோயாளிகளிடமிருந்து எடுத்த மாதிரியை ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் இட்டுப் பார்த்தார். செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாயின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் அப்படிச் செய்யாது. 1999 மார்ச்சில் மாதிரிகளை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்று, இது புதிய வைரஸ் என்று உறுதிப்படுத்தினார். அதுதான் நிப்பா. மொத்தத்தில் நாட்டில் 100 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். உண்மை தெரிந்த பிறகுதான் சரியான நடவடிக்கை வந்தது.

எல்லோரும் ஒன்றைச் சொல்லும்போது, "கணக்கு ஒத்துவரவில்லையே" என்று நின்று பார்க்கும் பழக்கம் ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது? பாடப் புத்தகத்திலிருந்து வருவதில்லை. அனுபவமுள்ள ஒருவரின் பக்கத்தில் மாதக்கணக்கில் வேலை செய்து வருவது அது. நம் சமையற்கட்டில் பிரியாணி கற்பதுபோல. எழுதி வைத்த அளவைப் பார்த்து யாரும் பிரியாணி கற்கவில்லை. அண்டாவின் அருகில் நின்று, தம் போடும் நேரத்தைக் கண்ணால் பார்த்துத்தான் கற்றோம்.

பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பழக்கம் சாப்பாட்டு மேசையிலேயே கிடைக்கிறது. எந்த ஆய்வகத்தில் சேரலாம், யாருக்கு மின்னஞ்சல் எழுதலாம், பரிந்துரைக் கடிதம் என்றால் என்ன என்பதெல்லாம் அங்கே சாதாரணப் பேச்சு. நம் பிள்ளைக்கு இவற்றைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அந்தக் குறையை ஈடுசெய்ய ஒரு ஏற்பாடு வேண்டும்.

இந்தக் குறை நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் கறுப்பின மக்கள், லத்தீன் அமெரிக்க வம்சத்தினர், பூர்வகுடியினர் ஆகியோரிடமிருந்து ஆய்வுக்கு வருபவர்கள் மிகக் குறைவாக இருந்தார்கள். அங்குள்ள தேசிய சுகாதார நிறுவனங்கள் அவர்களுக்காக 2000ஆம் ஆண்டில் ஒரு திட்டம் தொடங்கின. பட்டம் முடித்த பிள்ளையை ஓராண்டு அல்லது ஈராண்டு ஒரு ஆய்வகத்தில் ஊதியத்தோடு அமர்த்தினார்கள். நேரத்தின் பெரும்பகுதி ஆய்வு. மீதி நேரத்தில் ஆய்வுக் கட்டுரை வாசிக்கவும், எழுதவும், மேடையில் பேசவும், முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கவும் பயிற்சி. பட்டத்துக்கும் முனைவர் படிப்புக்கும் நடுவில் அது ஒரு பாலமாக இருந்தது.

அதற்கும் முன்பே, 1988ல், மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் கவுண்டிப் பல்கலைக்கழகத்தில் ஃபிரீமன் ரபாவ்ஸ்கி என்ற கறுப்பினக் கல்வியாளர் மேயர்ஹாஃப் என்ற உதவித் திட்டத்தைத் தொடங்கினார். அவர் பணத்தோடு நிறுத்தவில்லை. பிள்ளைகளைக் கூட்டாகப் படிக்க வைத்தார், வகுப்பு தொடங்கும் முன்பே கோடையில் வரவழைத்துப் பழக்கினார், முதல் ஆண்டிலிருந்தே ஆய்வகத்துக்கு அனுப்பினார். அந்தத் திட்டத்தில் படித்த கிஸ்மெக்கியா கார்பெட் பிறகு முனைவர் ஆனார். மொடர்னா கோவிட் தடுப்பூசியை வடிவமைத்த அறிவியலாளர்களில் அவர் முக்கியமானவர்.

நம் நாட்டில் அதே பெயரில் திட்டம் தேவையில்லை. பாலத்துக்கு வேண்டிய கல்லும் மண்ணும் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. டெங்கிலிலிருந்து பாங்கி யுகேஎம், செர்டாங் யுபிஎம் இரண்டும் பக்கம். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம், சன்வேயில் மோனாஷ், புக்கிட் ஜாலிலில் ஐஎம்யு. தம்பி தங்கையர் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்தை "முடித்துக் கொடுத்தால் போதும்" என்று எடுக்காதீர்கள். நல்ல ஆய்வகம் எது, மாணவர்களோடு நேரம் செலவிடும் விரிவுரையாளர் யார் என்று சீனியர்களிடம் விசாரித்துச் சேருங்கள். தொழிற்பயிற்சிக் காலத்தையும் முடிந்தால் ஆய்வகத்தில் கழியுங்கள்.

இரண்டு. பட்டம் முடிந்ததும் ஓராண்டு ஆய்வு உதவியாளராக வேலை பாருங்கள். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வு மானியத்திலிருந்து இதற்குச் சம்பளம் தருவது உண்டு. சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் கையில் தொழில் ஏறும். நாள்தோறும் செய்ததைக் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதுங்கள். தோற்ற சோதனையையும் எழுதுங்கள். புள்ளியியலும், கணினியில் தரவு பார்க்கும் ஒரு மென்பொருளும் கற்றுக்கொள்ளுங்கள்.

மூன்று. வாரம் ஒரு ஆய்வுக் கட்டுரை வாசியுங்கள். என்ன கேட்டார்கள், எப்படிச் சோதித்தார்கள், அந்த முடிவை நம்பலாமா என்று மூன்றே வரி எழுதுங்கள். ஓராண்டில் ஐம்பது கட்டுரை. நேர்காணலில் அது தானாகத் தெரியும்.

நான்கு. பரிந்துரைக் கடிதம். டத்தோவிடமோ சட்டமன்ற உறுப்பினரிடமோ வாங்கும் கடிதத்தால் இங்கே பயன் இல்லை. உங்களோடு வேலை செய்தவர், உங்கள் சோதனை தோற்றபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அறிந்தவர் எழுத வேண்டும். பொதுவாக மூன்று பேர் வேண்டும். ஒரே மாதத்தில் மூன்று பேரைச் சம்பாதிக்க முடியாது.

ஐந்து. ஒரே மின்னஞ்சலை இருநூறு பேராசிரியர்களுக்கு அனுப்பாதீர்கள். பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் கட்டுரையை வாசித்து, அதைப் பற்றி இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். நோக்க உரையிலும் "சிறுவயது முதல் சேவை செய்ய ஆசை" என்று தொடங்காதீர்கள். என்ன கேள்வியை ஆராய்ந்தீர்கள், எதைக் கண்டீர்கள், அடுத்து எதை ஆராய விரும்புகிறீர்கள் என்று எழுதுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பலவற்றுக்கு டிசம்பரிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். படிப்பு தொடங்குவதோ அடுத்த ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில். முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

இனிப் பெற்றோர்களுக்கு.

அப்துல் கலாம் அவர்கள் சென்னை எம்ஐடியில் சேரப் பணமில்லாதபோது அவருடைய சகோதரி ஜொஹரா தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார் என்பது நாம் எல்லோரும் அறிந்தது. நம் வீடுகளிலும் டாக்டர் படிப்புக்காக நகையும் நிலமும் போயிருக்கின்றன. ஆனால் உயிர்மருத்துவ முனைவர் படிப்புக்குப் பெரும்பாலும் நகை தேவையில்லை. அமெரிக்காவில் இந்தத் துறையில் முனைவர் மாணவருக்குக் கல்விக் கட்டணம் இல்லாமல், வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகையும் தருவது வழக்கம். அங்கே இளங்கலைப் பட்டத்தோடு நேரடியாகவும் சேரலாம். ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் போட்டி போட்டுப் பெறும் உபகாரச் சம்பளங்கள் உண்டு. இங்கே ஆய்வு முதுகலையில் சேர்ந்து, வேலை நன்றாக இருந்தால் முனைவர் படிப்புக்கு மாறிக்கொள்ளும் வழியும் உண்டு. ஆகவே தடையாக நிற்பது பணத்தைவிடத் தயாரிப்பு இல்லாமைதான். "டாக்டர் சீட் கிடைக்கவில்லை, வாழ்க்கை போச்சு" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு இன்னொரு டாக்டர் பட்டம் காத்திருக்கிறது.

உம்மாமார்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டம் வாங்கிய மகளுக்கு 23 வயதானதும் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குகிறோம். பார்ப்பது தவறில்லை. முனைவர் படிப்பு மூன்று முதல் ஆறு ஆண்டுகள் ஆகும். "அது முடியட்டும்" என்று யாரும் சொல்லவும் வேண்டாம். மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசும்போது, "மகள் ஆய்வு செய்கிறாள், தொடர்ந்து செய்வாள்" என்பதையும் முதல் பேச்சிலேயே சேர்த்துச் சொல்லுங்கள். சம்மதிக்கிற வீடு வரும். நம் பெண்பிள்ளைகள் பலர் வகுப்பில் முதலிடம் வாங்குகிறவர்கள். அவர்களை விட்டுவிட்டு நாம் எண்ணிக்கை கூட்ட முடியாது.

கடைசியாகச் சங்கத்துக்கு. ஐம்பது ஆண்டுகளாக மையத்துக் காரியம், மதரஸா, நோன்புக் கஞ்சி, பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை என்று செய்து வருகிறோம். அதோடு மூன்றைச் சேர்க்கக் கேட்கிறேன்.

முதலாவது, ஆண்டுக்கு இரண்டு பட்டதாரிகளுக்கு ஓராண்டு துணை நிற்பது. ஆய்வு உதவியாளர் சம்பளம் குறைவு. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய பிள்ளை அந்த ஓராண்டைத் தாங்க முடியாமல்தான் விட்டுவிடுகிறான். மாதம் சில நூறு வெள்ளி, ஆங்கிலத் தேர்வுக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம் ஆகியவற்றைச் சங்கம் ஏற்றால், பாலத்தின் பாதி முடிந்தது. ஒரு கல்யாண விருந்தின் செலவில் இரண்டு பிள்ளைகளின் ஓராண்டு அடங்கிவிடும்.

இரண்டாவது, மாதம் ஒரு ஞாயிறு இந்த மண்டபத்தில் வாசிப்பு வட்டம். ஒரு பிள்ளை ஒரு ஆய்வுக் கட்டுரையைப் பற்றித் தமிழிலோ மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசட்டும். மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். படிக்காத பெரியவர்களும் வந்து உட்காருங்கள். "அதனால் நமக்கு என்ன?" என்று நீங்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவன் எந்த நேர்காணலிலும் தடுமாற மாட்டான். தாமான் பெர்மாத்தா பிள்ளைகளையும் அழையுங்கள். வைரஸ் மதம் பார்ப்பதில்லை, ஆய்வகமும் பார்ப்பதில்லை.

மூன்றாவது, ஒரு பட்டியல். நம் குடும்பங்களில் ஆய்வகம், மருத்துவமனை, பல்கலைக்கழகம் என்று எங்கெங்கோ வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் அனுமதி கேட்டு, யார் எதில் உதவ முடியும் என்று செயலாளரிடம் எழுதி வையுங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். விண்ணப்பம் எழுதும் பிள்ளைகளோடு மாதம் இரண்டு மாலை உட்காருவதற்கு நான் தயார்.

முனைவர் பட்டம் எல்லோருக்கும் ஏற்றதல்ல. பத்துப் பேர் இந்த ஓராண்டைக் கழித்தால், நாலைந்து பேர் "இது எனக்கு வேண்டாம்" என்று வேறு வேலைக்குப் போகலாம். அதுவும் நல்லதே. உள்ளே போய்ப் பார்த்து, தெரிந்து விலகுவது ஒன்று. வாசல் எங்கே என்று தெரியாமலேயே வெளியே நிற்பது வேறொன்று. இனி வரும் ஆண்டுகளில் இரண்டாவது வகைப் பிள்ளை நம் ஊரில் ஒருவர்கூட இருக்கக் கூடாது. அதற்கான முதல் கூட்டத்தின் தேதியை இன்று கலைவதற்குள் செயலவையினர் அறிவித்துவிட வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.